500 கிலோ நோயாளி மருந்தைத் துப்பினால்?

வீட்டில் ஒரு சின்னக் குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுப்பதே பெரும்பாடு. கெஞ்ச வேண்டும், கொஞ்ச வேண்டும், கடைசியில் ஒரு கரண்டி சர்க்கரையைக் காட்ட வேண்டும். பெரிய பிள்ளை என்றால், "இதைக் குடித்தால்தான் காய்ச்சல் போகும்" என்று சொல்லிப் புரியவைக்கலாம்.

நோயாளி ஒரு குதிரையாக இருந்தால்? எடை ஏறக்குறைய 500 கிலோ. பிடித்து உட்கார வைக்க முடியாது. விளக்கிச் சொல்லவும் முடியாது. தலையை ஒருமுறை உதறினால், மருந்தோடு நின்றவர் இரண்டடி தள்ளிப் போய் விழுவார்.

ஆனாலும் உலகெங்கும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் மருந்து உட்கொள்கின்றன. அதன் பின்னால் உடற்கூறியல், வேதியியல், விலங்கு நடத்தையியல் ஆகிய மூன்று அறிவியல் துறைகள் ஒளிந்திருக்கின்றன.

வாய்தான் கடைசிக் காவல்

குதிரை ஏன் மருந்தை மறுக்கிறது? பிடிவாதம் என்று சொல்லிவிடுவது எளிது. அதன் உடலைப் பார்த்தால் காரணம் புரியும்.

நமக்கு ஒவ்வாத உணவு வயிற்றுக்குள் போய்விட்டால் வாந்தி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் மிக வலுவான தசை வளையம் ஒன்று இருக்கிறது. உணவுக்குழாய் சாய்வாக உள்ளே நுழைவதால், இரைப்பை நிரம்ப நிரம்ப அந்த வாயில் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். உள்ளே போனது போனதுதான்.

இப்படிப்பட்ட விலங்குக்கு, நஞ்சைத் தடுக்கும் கடைசிக் காவல் வாய்தான். புல்வெளியில் மேயும்போது நச்சுச் செடிகளும் குறுக்கிடும். பல நச்சுச் செடிகளில் ஆல்கலாய்டு எனப்படும் வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றின் சுவை கசப்பு. நாம் கொடுக்கும் மருந்துகள் பலவும் கசப்பு. 'இது மருந்து, அது நஞ்சு' என்று குதிரையின் நாக்குக்குப் பிரித்துச் சொல்ல யாரும் இல்லை.

நாக்குக்கு முன்பே மூக்கு வேலையைத் தொடங்கிவிடும். குதிரையின் மோப்பத் திறன் கூர்மையானது. புதிய வாசனை வந்தால், சில குதிரைகள் மேலுதட்டைச் சுருட்டி உயர்த்திப் பல்லைக் காட்டும். சிரிப்பதுபோலத் தெரியும், உண்மையில் அது வாசனை மூலக்கூறுகளை மூக்கின் அடிப்பகுதியில் உள்ள ஒரு தனி உறுப்புக்கு அனுப்பிச் சோதிக்கும் செயல். ஆய்வாளர்கள் இதை ஃபிளெமென் நடத்தை என்கிறார்கள்.

அடுத்தது உதடு. குதிரையின் மேலுதடு நம் விரல்களைப் போல வேலை செய்யும். தீவனத்தில் மறைத்த மாத்திரையை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் சுத்தமாகத் தின்று முடிக்கும். தொட்டியின் அடியில் அந்த மாத்திரை மட்டும் பளிச்சென்று கிடக்கும்.

ஒரு மில்லிகிராமுக்காக ஒரு போராட்டம்

வயதான குதிரைகளுக்குப் பரவலாக வரும் ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதி அளவுக்கு மீறிச் செயல்படுகிறது. குஷிங் நோய் என்று இதைப் பொதுவாக அழைக்கிறார்கள். உதிர வேண்டிய பழைய முடி உதிராமல் நீளமாக வளரும். தசைகள் மெலியும். எல்லாவற்றிலும் கொடியது, லாமினைடிஸ் என்னும் குளம்பு அழற்சி. குளம்புக்குள் இருக்கும் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிணைக்கும் மென்திசு பாதிக்கப்பட்டு, ஒவ்வோர் அடியும் வேதனையாகும். முற்றிப்போனால் குதிரையைக் காப்பாற்ற வழியில்லாமலும் போகலாம்.

இதற்குத் தரப்படும் மருந்து பெர்கோலைடு. முதலில் மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்குப் பயன்பட்டது. இதய வால்வுகளைப் பாதிப்பதாகத் தெரியவந்ததால், 2007இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மனிதர்களுக்கான மருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. 2011இல் குதிரைகளுக்கான மாத்திரையாக அங்கே அனுமதி பெற்றது.

இதன் தொடக்க அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். 500 கிலோ குதிரைக்கு 1,000 மைக்ரோகிராம், அதாவது வெறும் 1 மில்லிகிராம். நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் தர வேண்டும். விரல்நுனி அளவு மாத்திரை ஒன்றுதான். அதையும் குதிரை கண்டுபிடித்துத் துப்பிவிடும்!

பொடியாக்கித் தீவனத்தில் கலந்துவிட்டால் என்ன? அந்தத் தூள் பொடிப்பவரின் மூச்சிலும் தோலிலும் படும் ஆபத்து இருப்பதால், இந்த மாத்திரையைப் பொடியாக்கக் கூடாது. சிறிதளவு நீரில் கரைத்துக் கொடுக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு: இந்த மருந்து சில குதிரைகளின் பசியைக் குறைக்கும். மருந்து கலந்த தீவனத்தைத் தின்ன மறுக்கும் குதிரை, சுவையால் மறுக்கிறதா, பசியில்லாமல் மறுக்கிறதா? கால்நடை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனிப்பு இருக்கிறதே?

கசப்பை மறைக்க இனிப்பு. இது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. குதிரைக்கு இனிப்பு பிடிக்கும். கரும்புப்பாகு, ஆப்பிள் கூழ், கேரட் எல்லாம் குதிரை லாயங்களில் காலங்காலமாகப் பயன்படும் பொருள்கள்தாம்.

ஆனால் குஷிங் நோயுள்ள பல குதிரைகளின் உடலில் இன்சுலின் கட்டுப்பாடும் கெட்டிருக்கும். சர்க்கரை உள்ளே போனால் இன்சுலின் அளவு ஏறும். அது ஏறினால் குளம்பு அழற்சி வரும். எந்த நோய்க்காக மருந்து கொடுக்கிறோமோ, அதன் கொடிய விளைவை நாமே இனிப்போடு சேர்த்து ஊட்டியதாகிவிடும். இனிப்பு அதிகம் தேவைப்படும் நோயாளிக்கே இனிப்பு ஆகாது!

பந்தயக் குதிரைகளுக்கோ வேறொரு தடை. சாக்லேட்டில் தியோபுரோமினும், காப்பி, தேநீரில் கஃபீனும் உண்டு. இரண்டுமே பந்தயங்களில் தடைசெய்யப்பட்ட பொருள்கள். பாசத்தோடு கொடுக்கும் ஒரு சாக்லேட் துண்டு, சிறுநீர்ப் பரிசோதனையில் குதிரையை மாட்டிவிடக்கூடும்.

வெந்தயம் வென்ற கதை

அப்படியானால் வேறென்ன சுவை? 2005இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இதைத்தான் கேட்டது. லாயத்தில் வளரும் 8 குதிரைகளுக்கு, 15 வகை மணமூட்டிய தீவனங்களை ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அவற்றுள் எட்டைத் தேர்ந்தெடுத்து, எது அதிகம் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தினார்கள்.

கேரட்தான் முதலிடம் என்று நினைக்கிறீர்களா? அதற்குக் கிடைத்தது ஆறாம் இடம். ஐந்தாம் இடம் சீரகம். நான்காவது ரோஸ்மேரி, மூன்றாவது செர்ரி, இரண்டாவது வாழைப்பழம். முதலிடம் பிடித்தது, நம் சமையலறை அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயம்! புதினா வகையும் ஓரிகானோவும் கடைசி இரண்டு இடங்களில் நின்றன.

அதோடு ஆய்வு முடியவில்லை. குதிரைகள் வழக்கமாக விரும்பாத தாதுச்சத்து உருண்டைகளுக்கு வெந்தய மணமும் வாழைப்பழ மணமும் சேர்த்தபோது, குதிரைகள் அவற்றை முன்பைவிட விரைவாகத் தின்று முடித்தன. சர்க்கரை இல்லாமலேயே குதிரையைச் சம்மதிக்க வைக்க வழி உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். புதிய மணத்தையும் மருந்தையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தக் கூடாது. முதலில் சில நாள்கள் மணமூட்டிய தீவனத்தை மட்டும் கொடுத்துப் பழக்க வேண்டும். அது பிடித்துப்போன பிறகுதான் மருந்து. மருந்தையும் முழுத் தீவனத்தில் கலக்காமல், ஒரு கைப்பிடி அளவில் மட்டும் கலப்பது நல்லது. இல்லாவிட்டால் குதிரை மருந்தை மட்டுமல்ல, அன்றாடத் தீவனத்தையே சந்தேகிக்கத் தொடங்கிவிடும்.

பல் இல்லாத இடைவெளி

தீவனத்தில் கலக்க முடியாத மருந்துகள் உண்டு. அவற்றை ஊசி பொருத்தாத பிளாஸ்டிக் சிரிஞ்சில் பசையாகவோ கரைசலாகவோ நிரப்பி வாய்க்குள் செலுத்துவார்கள். அதற்கு இயற்கையே ஒரு வாசல் வைத்திருக்கிறது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. கடிவாளத்தின் கம்பி அமர்வதும் அங்கேதான். வாயின் ஓரமாக, அந்த இடைவெளி வழியே சிரிஞ்சின் நுனியை நுழைத்து, நாக்கின் பின்பகுதியில் மருந்தை வைக்க வேண்டும்.

வாயில் தீவனம் இருக்கக் கூடாது. இருந்தால் மருந்து அதில் ஒட்டிக்கொண்டு அப்படியே வெளியே வந்துவிடும். தலையை அளவுக்கு மீறி உயர்த்தவும் கூடாது. மருந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் பாதிக்கப்படும்.

எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், ஏறக்குறைய 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னே இருப்பது அதற்குத் தெரியாது. நேராக நீட்டும் சிரிஞ்ச், திடீரென்று எங்கிருந்தோ முளைத்ததுபோல் தோன்றும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தோள்பட்டையின் பக்கமாக நின்று, கையை மெல்லக் கொண்டு போகிறார்கள்.

யார் யாரைப் பழக்குகிறார்கள்?

சிரிஞ்ச் அருகே வருகிறது. குதிரை தலையை உதறுகிறது. மனிதர் பயந்து கையை இழுத்துக்கொள்கிறார். இந்த ஒரு நொடியில் ஒரு பாடம் நடந்து முடிந்துவிட்டது. 'தலையை உதறினால் தொல்லை விலகும்' என்று குதிரை கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர் அந்த மனிதரேதான்!

ஒரு செயலுக்குப் பின் பிடிக்காத ஒன்று விலகினால், அந்தச் செயல் வலுப்பெறும். உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். இதே விதியைத் திருப்பிப் போட்டால் தீர்வும் கிடைக்கும். குதிரை தலையை அசைக்கும்வரை கை அமைதியாக அங்கேயே இருக்கட்டும். அது ஒரு கணம் அசையாமல் நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். இப்போது குதிரை கற்பது வேறு பாடம்: 'அசையாமல் நின்றால் தொல்லை விலகும்.'

இதோடு பரிசும் சேர்ந்தால் வேகம் கூடும். முதல் நாள், காலியான சிரிஞ்சைக் காட்டுவதோடு சரி. உடனே பிடித்த தின்பண்டம். அடுத்து, அதைக் கன்னத்தில் தொடுவது. பிறகு வாயோரத்தில். பிறகு மருந்துக்குப் பதிலாகச் சுவையான கூழ். மருந்து வருவதற்குள் பலமுறை இனிய அனுபவம் கிடைத்துவிட்டால், எப்போதாவது ஒருமுறை வரும் கசப்பைக் குதிரை பொறுத்துக்கொள்ளும். பரிசு சில நொடிகளுக்குள் கிடைக்க வேண்டும். தாமதித்தால் எதற்கான பரிசு என்று அதற்குப் புரியாது.

நம் மனநிலையும் கணக்கில் சேரும். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாக ஒரு காலத்தில் பெரும்பேச்சு. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் உண்மையை விளக்கினார். கேள்வி கேட்பவரின் தலையும் உடலும் அறியாமல் செய்யும் நுண்ணிய அசைவைப் பார்த்தே ஹான்ஸ் குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது. 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளிடம் மனித முகப் படங்களைக் காட்டியபோது, கோப முகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத்துடிப்பு விரைவாக ஏறியது. பதற்றத்தோடும் எரிச்சலோடும் மருந்தைக் கொண்டு போனால், மருந்துக்கு முன்பே அந்தச் செய்தி குதிரையைச் சேர்ந்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

குதிரையை எடைபோடும் இயந்திரம் எல்லா லாயங்களிலும் இருக்காது. அளவு நாடா ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்பட்டை முனையிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும்.

எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880

சுற்றளவு 180, நீளம் 160 என்றால்: 180 × 180 × 160 ÷ 11,880 = ஏறக்குறைய 436 கிலோ.

குடற்புழுவுக்கான ஐவர்மெக்டின் மருந்தின் அளவு, ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். இந்தக் குதிரைக்கு ஏறக்குறைய 87 மில்லிகிராம் தேவை.

துப்பிய பாதி எங்கே போகிறது?

இப்போது அந்தக் குதிரை பாதி மருந்தைத் துப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். உடலுக்குள் சென்றது ஏறக்குறைய 44 மில்லிகிராம். வலுவற்ற புழுக்கள் சாகும். மருந்தை ஓரளவு தாங்கக்கூடியவை பிழைத்து முட்டையிடும். சாணத்தின் வழியே அவை மேய்ச்சல் நிலத்தை அடையும். அங்கிருந்து மற்றக் குதிரைகளுக்கும் பரவும். இது தொடர்ந்தால், மருந்து பலிக்காத புழுக்களின் பரம்பரை உருவாகும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் நமக்குச் சொல்வதற்கும் இதே போன்ற கவலைதான் காரணம்.

ஐவர்மெக்டினைத் தந்த ஆய்வுக்காக சத்தோஷி ஓமுரா, வில்லியம் கேம்பல் ஆகிய இருவரும் 2015இல் நோபெல் பரிசு பெற்றார்கள். ஜப்பானிய மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து அது. ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த அந்த உழைப்பின் பயன், கடைசியில் லாயத்தில் சிரிஞ்சோடு நிற்கும் ஒருவரின் பொறுமையில்தான் தங்கியிருக்கிறது.

சிங்கப்பூரின் கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்தது. பந்தயங்கள் நிற்கலாம், குதிரைகளுக்கு முதுமை வருவது நிற்காது. சவாரிப் பள்ளிகளிலும் பண்ணைகளிலும் முதிய குதிரைகளைக் கவனிக்கும் கைகள் எப்போதும் தேவைப்படும். கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: சரியான மருந்தை எழுதித் தருவது பாதி வேலை. அதை நோயாளியின் தொண்டைக்குள் இறங்க வைப்பதே மீதிப் பாதி.

சிந்தியுங்கள்

1. எலியாலும் வாந்தி எடுக்க முடியாது. புதிய உணவைக் கண்டால் எலி முதலில் சிறிதளவே கொறித்துப் பார்க்கும். ஏன்?

2. உங்கள் வீட்டுப் பூனையோ நாயோ மருந்தைக் கண்டதும் ஓடி ஒளிகிறதா? நீங்கள் அறியாமலே அதற்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்?