எஸ்பியர்க்கிலிருந்து 140 கிலோமீட்டர்

டென்மார்க்கின் எஸ்பியர்க் ஊரில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் 112-ஐ அழைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது. ஊரின் பெரிய மருத்துவமனை அவர் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் வலி ஒரு குறிப்பிட்ட வகை மாரடைப்பால் வந்தது என்று தெரிந்துவிட்டால், வண்டி அந்த மருத்துவமனைக்குள் நுழையாது. அதைக் கடந்து நெடுஞ்சாலையைப் பிடித்து, கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓடென்ஸே நகரத்துக்குப் போகும்.

நம் ஊரில் இப்படி ஒரு வண்டி போனால் கூட வரும் உறவினர்கள் பதறிவிடுவார்கள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்க, உயிருக்குப் போராடுகிறவரை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டென்மார்க்கின் மருத்துவர்களும் இதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். விடை தேட நாலைந்து ஆண்டுகள் செலவிட்டார்கள்.

எஸ்பியர்க் டென்மார்க்கின் மேற்குக் கரையில், வட கடலைப் பார்த்தபடி இருக்கும் துறைமுக நகரம். 1864 போரில் தெற்கு மாநிலங்களை இழந்த டென்மார்க், வட கடல் பக்கம் தனக்கென ஒரு துறைமுகம் வேண்டும் என்று 1868-ல் சட்டம் இயற்றிக் கட்டத் தொடங்கியது. மீன், பிறகு கடலடி எண்ணெய், இப்போது காற்றாலை என்று தொழில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. மக்கள்தொகை எழுபதாயிரத்துச் சொச்சம். நம் நாகப்பட்டினத்தைவிடச் சிறியது. எதிரே ஃபானோ என்ற தீவு; படகில் 12 நிமிடம். இந்த அளவுள்ள ஊரின் மருத்துவமனையில் இருதயப் பிரிவு உண்டு, நல்ல மருத்துவர்கள் உண்டு. ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் அடைபட்ட இதயத் தமனியைத் திறக்கக் காத்திருக்கும் குழு, பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் சிலவற்றில் மட்டும்தான்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் இதயத்தின் மேற்பரப்பில் கொடி போலப் படர்ந்திருக்கின்றன. விட்டம் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர்தான். அவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிந்து திட்டாகிறது. ஒருநாள் அந்தத் திட்டின் மேல்தோல் கிழிகிறது. காயத்தை அடைக்கத்தானே ரத்தம் உறைகிறது? உடம்புக்கு இது காயம் என்று மட்டும்தான் தெரியும். இடம் எதுவென்று தெரியாது. கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டியாகிறது, தமனி முழுக்க அடைபடுகிறது. அதற்கு அப்பாலுள்ள தசை பிராணவாயு இல்லாமல் தவிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் செல்கள் சாகத் தொடங்குகின்றன. சாவு இதயச் சுவரின் உட்பக்கத்தில் ஆரம்பித்து, மணிக்கணக்கில் அலை போல வெளிப்பக்கம் நோக்கி நகர்கிறது. அந்த அலை வெளிச்சுவரை எட்டுவதற்குள் அடைப்பைத் திறந்துவிட்டால் மிச்சமிருக்கும் தசை பிழைக்கும்.

திறக்க இரண்டு வழிகள். ஒன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி. எந்தச் சிறிய மருத்துவமனையிலும் போடலாம், உடனே போடலாம். ஆனால் எல்லாக் கட்டிகளும் கரைவதில்லை; கரைந்தது மறுபடி அடைத்துக்கொள்வதும் உண்டு; சிலருக்கு மூளையில் ரத்தக் கசிவு வரும். இன்னொன்று, பலூன்.

இந்தப் பலூன் வேலையைக் கைவினை என்றே சொல்வேன். மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்திலுள்ள தமனியில் ஒரு சிறு துளை. அதன் வழியே நீண்ட மெல்லிய குழாயை நுழைத்து, தோள் வழியாக இதயத்தின் வாசல்வரை கொண்டுபோகிறார்கள். தமனியின் உள்ளே வலி உணர்வு கிடையாது என்பதால் நோயாளி விழித்தபடியே படுத்திருப்பார். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தியதும் திரையில் தமனிகள் கிளை கிளையாகத் தெரிகின்றன. அடைபட்ட கிளை மட்டும் பாதியில் வெட்டியதுபோல் நின்றுவிடும். அந்த இடத்தை நோக்கி, மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி ஒன்று போகிறது. மருத்துவர் வெளியே விரல் நுனியில் கம்பியைத் திருகுவார். உள்ளே அதன் வளைந்த முனை திரும்பும். கட்டியின் ஊடாகக் கம்பி அந்தப் பக்கம் எட்டிவிட்டால் பாதி வென்றாகிவிட்டது. அதன் மேல் சுருங்கிய பலூனைத் தள்ளிக்கொண்டுபோய் விரிக்கிறார்கள். உள்ளே நிரப்புவது காற்று அல்ல, எக்ஸ்ரே மருந்து கலந்த உப்புநீர். பலூன் தப்பித்தவறி வெடித்தாலும் ரத்தத்தில் காற்றுக் குமிழி கலந்துவிடாது. அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போலப் பல மடங்கு போகும். பலூன் விரியும்போது மேலே சுற்றியிருக்கும் உலோக வலையும் விரிந்து சுவரில் பதிகிறது. அதுதான் ஸ்டென்ட். பலூனை எடுத்துவிடுவார்கள், வலை அங்கேயே தங்கும்.

இதை முதலில் மனித இதயத்தில் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக், 1977 செப்டம்பர் 16 அன்று, சூரிக்கில். ஆரம்பகாலப் பலூன்களை அவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் செய்து பார்த்தார்.

நடுராத்திரி மூன்று மணிக்கும் இதைச் செய்ய வேண்டும் என்றால் மருத்துவர், செவிலியர், தொழில்நுட்பர் எல்லோரும் முறைவைத்துத் தயாராக இருக்க வேண்டும். கை பழகியிருக்கவும் வேண்டும். மாதத்துக்கு நாலைந்து பேருக்கு மட்டும் செய்கிற இடத்தில் கை பழகாது. அப்படியானால் பக்கத்து மருத்துவமனையில் உடனே ஊசி போடுவது நல்லதா, தூரத்து மருத்துவமனையில் தாமதமாகப் பலூன் வைப்பது நல்லதா?

டென்மார்க் இதைச் சோதித்துப் பார்த்தது. ஹென்னிங் ரூட் ஆண்டர்சன் என்ற ஆர்ஹுஸ் நகர இருதய மருத்துவர் முன்னின்று நடத்திய ஆய்வு அது, பெயர் டானமி-2. பலூன் வசதியில்லாத 24 மருத்துவமனைகளும் வசதியுள்ள 5 மையங்களும் சேர்ந்தன. 1,572 நோயாளிகள். முடிவுகள் 2003-ல் வெளியாயின. சிறிய மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில், அங்கேயே ஊசி போட்டுக்கொண்ட பிரிவில் 14.2 சதவீதம் பேருக்கு முப்பது நாளுக்குள் மரணமோ, மறு மாரடைப்போ, முடக்கிப்போடும் பக்கவாதமோ வந்தது. வண்டியில் ஏற்றிப் பலூனுக்கு அனுப்பிய பிரிவில் 8.5 சதவீதம். அனுப்பப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் சிறியது, உறுதியாக எதுவும் சொல்ல முடியாத அளவு. பெரிய லாபம் மறு மாரடைப்பு குறைந்ததில்தான். ஆனாலும் ஒரு நாட்டின் ஆம்புலன்ஸ் பாதையையே மாற்றி வரைய அது போதுமானதாக இருந்தது.

இந்த ஆண்டர்சனைப் பற்றி இன்னொரு செய்தி. அறுவையில்லாமல், குழாய் வழியாகவே இதய வால்வை மாற்றும் முறையை முதலில் செய்து காட்டியவரும் இவர்தான். 1989 மே 1 அன்று, ஒரு பன்றியில். இன்று உலகெங்கும் முதியவர்களுக்குச் செய்யப்படும் சிகிச்சையின் தொடக்கம் அது.

தூரத்தைக் குறைக்க முடியாது. நேரத்தைக் குறைக்கலாம். இரண்டும் ஒன்றில்லை என்பதை டேனிஷ்காரர்கள் பிடித்துக்கொண்ட விதம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ஒருவர் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே பதிவு, ஈசிஜி, மருத்துவர் வரக் காத்திருப்பு, வேறு வண்டி ஏற்பாடு, பிறகு பயணம். ஓடிய தூரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டால் என்ன?

அதற்கு ஈசிஜி வீட்டு வாசலுக்கே வர வேண்டும். வந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர் நோயாளியின் மார்பிலும் கை கால்களிலும் பத்து ஒட்டிகளைப் பொருத்தி, பன்னிரண்டு கோணங்களில் இதயத்தின் மின்னோட்டத்தை எடுக்கிறார். தமனி முழுதாக அடைபட்டிருந்தால் வரைகோட்டில் எஸ்டி என்று குறிக்கப்படும் பகுதி இருக்க வேண்டிய மட்டத்திலிருந்து மேலே எழும்பி நிற்கும். அந்தப் படம் கைப்பேசி அலைவரிசையில் தொலைவிலுள்ள இருதய மருத்துவரின் திரைக்குப் போகிறது. அவர் பார்க்கிறார், ஊழியரிடம் பேசுகிறார், ‘நேரே இங்கே வாருங்கள்’ என்கிறார். நோயாளி வண்டியில் வந்துகொண்டிருக்கும்போதே அங்கே அறை தயாராகிறது. ஆஸ்பிரின் முதலான மருந்துகள் வண்டியிலேயே கொடுக்கப்படுகின்றன.

தொலைவுக்கு ஈசிஜி அனுப்பும் எண்ணம் புதிதல்ல. ஈசிஜியைக் கண்டுபிடித்த வில்லெம் ஐன்ட்ஹோவனின் கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கை காலை உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை நோயாளியிடம் தூக்கிப்போக முடியாது. அதனால் 1905-ல் லைடன் நகர மருத்துவமனையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே இதயத் துடிப்பின் மின்குறிகளை வரவழைத்தார்.

எஸ்பியர்க்கின் கணக்கு இறுக்கமானது. ஐரோப்பிய இருதய மருத்துவ வழிகாட்டுதலின்படி, ஈசிஜியில் மாரடைப்பு உறுதியான நொடியிலிருந்து 120 நிமிடத்துக்குள் கம்பி அடைப்பைக் கடக்க முடியும் என்றால் பலூன். முடியாது என்றால் ஊசி. எஸ்பியர்க்கிலிருந்து ஓடென்ஸேக்குச் சாதாரணக் காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் லிட்டில் பெல்ட் நீரிணையின் மீது 1970-ல் திறந்த தொங்குபாலத்தைக் கடக்க வேண்டும். மிச்சமிருப்பது அரை மணி நேரம். வழியில் ஓர் இடத்தில் நின்றால் கணக்கு தப்பிவிடும். 2014 அக்டோபரில் மருத்துவர் பயணிக்கும் ஹெலிகாப்டர் சேவை நாடு தழுவியதாகத் தொடங்கியபோது, மூன்று தளங்களில் ஒன்று எஸ்பியர்க்குக்குப் பக்கத்து விமான நிலைய ஊரான பில்லுண்டில் அமைந்தது.

நிமிடங்களுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதற்கு மேற்கு டென்மார்க்கிலிருந்தே ஓர் ஆய்வு இருக்கிறது. 2002 முதல் 2008 வரை ஆம்புலன்ஸில் வந்து பலூன் வைத்துக்கொண்ட 6,209 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அழைப்பு வந்ததிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை ஒரு மணி நேரத்துக்குள் ஆனவர்களில் 15.4 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம்வரை ஆனவர்களில் 23.3. மூன்று மணி நேரம்வரை 28.1. அதற்கும் மேல் ஆறு மணி நேரம்வரை 30.8.

இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் என் சித்தப்பா நினைவுக்கு வருவார். விடியற்காலையில் நெஞ்சைப் பிசைகிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று சித்தி ஓமத்தண்ணீர் கொடுத்தார். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். எட்டு மணிக்குமேல் ஒரு மருத்துவமனை, அங்கிருந்து இன்னொன்று. இரண்டாவது இடத்தில்தான் ஈசிஜி எடுத்தார்கள். அன்பில் யாரும் குறை வைக்கவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனது கடிகாரம் ஓடுகிறது என்பது ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் எஸ்பியர்க்கின் முறையை அப்படியே பெயர்த்து நட முடியாது. இங்கே சாலையும் நெரிசலும் வேறு, வண்டிகளின் எண்ணிக்கை வேறு. அதனால் கோவை, சென்னை மருத்துவர்கள் முன்னெடுத்த தமிழ்நாட்டு மாரடைப்புத் திட்டம் வேறு வழியை எடுத்தது. ஒரு பெரிய மருத்துவமனையை அச்சாகவும், சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை ஆரங்களாகவும் இணைத்தார்கள். பலூன் உடனே முடியாத இடத்தில் முதலில் ஊசி. பிறகு 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ. 2,420 நோயாளிகளை வைத்து நடந்த அந்த ஆய்வில், திட்டத்துக்கு முன் ஓராண்டில் இறந்தோர் 17.6 சதவீதம், பின் 14.2. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். டென்மார்க்கில் வண்டி செய்யும் வேலையின் ஒரு பகுதியை இங்கே கிராமத்துச் செவிலியர் செய்கிறார்.

எஸ்பியர்க் இருக்கும் யூட்லாந்துப் பகுதியின் ஊர்களில் 1980-களிலிருந்து ஈழத் தமிழர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் நெருக்கமானது. பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. தோட்டத்தில் வேலை செய்யும்போது தோள் கடுத்தால் ‘எனக்கு இன்னும் வயசாகவில்லையே’ என்று தள்ளிப்போடுகிற ஐம்பது வயதுக்காரர்தான் நம்மில் அதிகம்.

இதயம் துடிப்பதையே நிறுத்திவிட்டால் எந்த வண்டியும் நேரத்துக்கு வராது. அங்கே பக்கத்தில் நிற்பவர்தான் மருத்துவர். டென்மார்க் 2005-ல் பள்ளிகளிலும், 2006-ல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2001-ல் இதயம் நின்று விழுந்தவர்களில் 21.1 சதவீதம் பேருக்குத்தான் அருகிலிருந்தவர்கள் மார்பை அழுத்தி முதலுதவி செய்தார்கள். 2010-ல் 44.9 சதவீதம். முப்பது நாள் பிழைத்தவர்கள் 3.5-லிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள்.

அப்படியானால் எஸ்பியர்க் மருத்துவமனைக்கு என்னதான் வேலை? நிறைய. முழு அடைப்பில்லாத நெஞ்சு வலிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றை ரத்தப் பரிசோதனையாலும் எக்கோவாலும் பிரித்தறிய வேண்டும். இதயம் பலவீனப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்த உறைவு ஆராய்ச்சிக்கென்றே தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தின் பிரிவு ஒன்று இந்த ஊரில் இயங்கி வந்திருக்கிறது. டென்மார்க்குக்கு இதில் பழைய உறவு உண்டு. உறைவுக்கு வேண்டிய வைட்டமினைக் கண்டுபிடித்த ஹென்ரிக் டாம் டேனிஷ்காரர். ‘கோவாகுலேஷன்’ என்ற சொல்லை டேனிஷ், ஜெர்மன் மொழிகளில் எழுதும்போது வரும் முதலெழுத்தால்தான் அது வைட்டமின் கே ஆயிற்று. கால் சிரையில் ரத்தம் கட்டியவர்களுக்கும் ஒழுங்கற்ற துடிப்புள்ளவர்களுக்கும் கொடுக்கப்படும் வார்ஃபரின், அந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. அளவு கூடினால் கசியும், குறைந்தால் உறையும்.

நெடுஞ்சாலையில் கிழக்கே போனவரும் மேற்கே திரும்பத்தான் வேண்டும். தமனிக்குள் இருக்கும் வலை புதிது. அதன் மேல் உடம்பு தன் உள்தோலைப் போர்த்தும்வரை ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டாமல் மாத்திரைகள் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் ஓராண்டு. ஒருநாள் தவறினாலும் ஆபத்து. புகையை விட வேண்டும், படி ஏறப் பயப்படாமல் பழக வேண்டும், ராத்திரியில் துடிப்பு கொஞ்சம் தப்பினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். ஓடென்ஸேயில் அடைப்பு திறக்க ஒரு மணி நேரம் போதும். மீதி மாதங்கள் எஸ்பியர்க்கில் நடக்கின்றன, அன்று அவர் வண்டி நிற்காமல் கடந்துபோன அதே வாசலுக்குள்.