பழைய பெட்டிக்குப் புதுப் பூச்சு

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு புகையிரத நிலையம் இல்லை. பெப்ரவரி மாதத்து விடியற்காலையில் நாம் அங்கு இறங்கியபோது தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி. நிலையத்திற்கு அப்பால், உருளைக்கிழங்குத் தோட்டத்தின் ஓரத்தில், லேண்ட்மாஸ்டர் பெட்டி ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒருகாலத்தில் அது நீல நிறமாக இருந்திருக்க வேண்டும். இப்போது பாதிக்கு மேல் கறள்.

"பழைய இரும்புக்குப் போட்டுடலாமுன்னு பாத்தோம் ஐயா. ஆனா புதுசு வாங்க எங்க போறது?" என்றார் அதன் சொந்தக்காரர்.

இவருடைய தகப்பனார் 1977 கலவரத்திற்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். அங்கே காடு வெட்டிக் காணியாக்கி, ஒரு உழவு இயந்திரமும் பெட்டியும் வாங்கும் அளவுக்குக் குடும்பம் முன்னேறியது. 2009 இல் அந்தப் பெட்டிக்குள்ளும் அதன் அடியிலும் பல இரவுகள் படுத்துறங்கினார்கள். கடைசியில் அதையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இப்போது உறவினரோடு சேர்ந்து குத்தகைக் காணியில் லீக்ஸ், கரட், கோவா பயிரிடுகிறார்கள். இந்தப் பெட்டி மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பழைய பெட்டி. அறுவடையை வீதிக்கு இறக்குவதும், உரமும் விதைக்கிழங்கும் ஏற்றுவதும் இதில்தான். இது உடைந்தால் கூலி வண்டி பிடிக்க வேண்டும். விற்ற காசில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

ஆகவே சில நாள் தங்கி, அவர்களோடு சேர்ந்து பூசிப் பார்த்தோம். அங்கே கற்றதை, தவறியதையும் சேர்த்து, உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பூசுமுன் தட்டிப் பாருங்கள்

கறள் தின்ற இரும்புக்குப் பெயின்ட் பலம் தராது. சிறு சுத்தியலால் பெட்டி முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், அல்லது செதில் செதிலாகக் கொட்டும். கொக்கி பொருந்தும் தண்டு, அச்சு, மூலை ஒட்டுகள் ஆகிய மூன்றையும் கவனமாகப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கையிலுள்ள காசை முதலில் ஒட்டு வேலைக்குக் கொடுங்கள். நிறம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவிலும் வெள்ளத்திலும் சேற்றுக்குள் அகப்பட்ட பெட்டியாக இருந்தால், சக்கரத்தைக் கழற்றி பெயாரிங்கைக் கழுவிப் புது கிறீஸ் இட்ட பிறகே மற்ற வேலை.

தளத்தின் மூலைகளில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளை இல்லாவிட்டால் போடுங்கள். தேங்கும் நீர்தான் பெட்டிக்கு முதல் எதிரி. இரண்டாவது எதிரி உரம். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைட்டு, கடற்கரை உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். உரம் ஏற்றிய நாளிலேயே பெட்டியைக் கழுவிவிடும் பழக்கம், எந்தப் பெயின்ட்டையும் விட மலிவானது.

இலக்கத்தைக் காப்பாற்றுங்கள்

பெட்டிக்காரர் எம்மிடம் முதலில் கேட்டது நிறத்தைப் பற்றியல்ல. "இதுல நம்பர் எங்க வெட்டியிருக்குன்னு பாருங்க" என்றார். வன்னியில் விட்டுவந்த பெட்டியின் இலக்கம் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. பத்திரமும் தொலைந்துவிட்டது. தமது பெட்டி இதுதான் என்று காட்ட அவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை.

சட்டத்தில் வெட்டப்பட்ட இலக்கமோ, ஆணியடித்த தகடோ இருந்தால் அதன்மேல் சுரண்டும் இயந்திரத்தைப் பிடிக்க வேண்டாம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் மெல்லிய பூச்சு ஒன்று போதும். ஒரு பிரதியை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது நல்லது. இடம்பெயர்ந்தவர்களுக்கு இதன் காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

சுரண்டும்போது கவனம்

முதலில் சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் சேறு, ஒயில், உரம் எல்லாம் போகக் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு கம்பி பிரஷ்ஷால் உதிரும் கறளையும், உரியும் பழைய பெயின்ட்டையும் எடுக்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முழுதாக அகற்றத் தேவையில்லை. சான்ட் பேப்பரால் அதன் மினுக்கம் போகத் தேய்த்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் பெயின்ட்டில் இருக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல்தான். ஈயத் தூசு சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே சான்ட் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். வாயையும் மூக்கையும் முகக் கவசத்தால் மூடுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். பழைய பூச்சை நெருப்பு வைத்து எரிக்கவே கூடாது. கீழே தறப்பாள் விரித்துச் சுரண்டலைச் சேர்த்தெடுத்து, தோட்டத்திலும் ஓடையிலும் விழாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

குழிகளில் மிஞ்சும் கறளுக்குக் கடையில் கறள் மாற்றி கிடைக்கும். அதிலுள்ள பொஸ்போரிக் அமிலமோ தனிக் அமிலமோ கறளோடு சேர்ந்து கறுப்பான உறுதியான படையாக மாறும். தேயிலைச் சாயம் பட்ட இரும்புக் கத்தி கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்த மாற்றமே. ஆனாலும் வெறும் சாயத்தை நம்பிப் பெட்டியில் பூசிவிடாதீர்கள். அதற்கு அவ்வளவு வலு இல்லை.

எவ்வளவு வாங்குவது?

2022 இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்த பின் பெயின்ட் விலை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே கடைக்குப் போகுமுன் அளவைக் கணக்கிடுங்கள். எமது பெட்டி 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பக்கங்கள் உள்ளும் வெளியும் 60 சதுர அடி. தளம் மேலும் கீழும் 48. சட்டம், தண்டு, சக்கரத்திற்குச் சுமார் 20. எல்லாமாக ஏறத்தாழ 130 சதுர அடி. சொரசொரப்பான இரும்பில் ஒரு லீற்றர் சுமார் 100 சதுர அடிக்கு வரும்.

இந்தக் கணக்கின்படி ரெட் ஒக்சைட் அடிப்பூச்சு ஒன்றரை லீற்றர் போதும். எனமல் பெயின்ட் 2 லீற்றர் வேண்டும். வெளிப்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் இரண்டு பூச்சு, உட்பக்கத்துக்கும் தளத்துக்கும் ஒரு பூச்சு. சிறிய தகரங்களாக வாங்குவதைவிட 4 லீற்றர் தகரம் லீற்றர் கணக்கில் மலிவு. பக்கத்துத் தோட்டக்காரரின் பெட்டியையும் சேர்த்துக்கொண்டு தகரத்தைப் பங்கிட்டோம். பிரஷ்ஷும் தின்னரும் பொதுவாயின.

கழிவு ஒயிலை அடியில் பூசுவது சிலரது வழக்கம். வேண்டாம். அது மழையில் கழுவுண்டு மண்ணுக்குப் போகும், ஏற்றும் மரக்கறியிலும் படும். அதன்மேல் பிறகு எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது.

மூடுபனி கற்பித்த பாடம்

முதல் நாள் வேலை மும்முரத்தில், பிற்பகல் நான்கு மணிக்கும் அடிப்பூச்சைப் பூசிக்கொண்டிருந்தோம். "பனி எறங்குது, நாளைக்கு பாத்துக்கலாம்" என்று வீட்டு அம்மா சொன்னார். நாம் கேட்கவில்லை. மறுநாள் காலை கடைசியாகப் பூசிய பக்கம் வெளிறி, பிசுபிசுவென்று விரலோடு வந்தது. அரை லீற்றர் வீண். சுரண்டிவிட்டு மீண்டும் தொடங்கினோம்.

குளிரிலும் ஈரத்திலும் பெயின்ட் காயாது. வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் நிறுத்திவிட வேண்டும். இரும்பைத் தொட்டுப் பாருங்கள். பனி வியர்த்திருந்தால் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். மலைநாட்டில் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மழை குறைவு. அந்த நாட்களிலும் காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையே நல்ல நேரம். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரு பூச்சுகள் மேல். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் விடுங்கள். அடிப்பூச்சோடு நிறுத்திவிடவும் கூடாது. அது தனியே நீரைத் தடுக்காது.

சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பருகிலோ லயன் அறைக்குள்ளோ எதையும் கொண்டுபோக வேண்டாம். தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பிரஷ்ஷை ஓடையிலும் கழுவாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளியைச் சூழ்ந்த இந்த மலைகளில்தான் மகாவலியும் களனியும் வளவையும் தொடங்குகின்றன. நாம் இங்கே கழுவுவது கீழே இன்னொருவர் குடிக்கும் நீரில்.

கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு

மேற்பூச்சு மீண்டும் நீலம். பின்பக்கம் முழு அகலத்துக்கும் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்து, இரு மூலையிலும் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடு பொருத்தினோம். மூடுபனியில் பின்னால் வரும் லொறிக்கு லேண்ட்மாஸ்டர் பெட்டி தெரியாது. செலவில் மிகச் சிறியது இதுதான். உயிரைக் காப்பதும் இதுவே.

நாம் புறப்பட்ட பிறகும் ஒரு வாரம் பாரம் ஏற்றாமல் காயவிட்டார்களாம். பக்கத்தில் என்ன எழுதுவது என்று பிள்ளைகளுக்குள் விவாதம். ஒருவருக்குத் தாத்தாவின் பெயர் வேண்டும், மற்றவருக்கு வன்னியில் இருந்த ஊரின் பெயர். வீட்டு அம்மா எதற்கும் பதில் சொல்லவில்லை. கொப்பியில் எழுதிய பெட்டி இலக்கத்தைப் பிள்ளைகள் இருவரிடமும் மனப்பாடமாகச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.