மலைத் தோட்டத்துக்கு ஏற்ற வைஃபை எது?

மலேசியாவின் கேமரன் மலையில் 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் ஒரே இடத்தில் இல்லை. போ தோட்டம் ஹாபு பக்கம். சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங் மலைச்சரிவில். இத்தகைய தோட்டங்களில் ஆலை, அலுவலகம், குடியிருப்பு எல்லாம் சரிவுகளில் சிதறியிருக்கும். இடையில் நிற்கும் மலைமுகட்டை வைஃபை அலை ஊடுருவாது. ஆகவே அலையைப் பரப்பும் அக்சஸ் பாயிண்டுகள் பல வேண்டும். அவை ஒவ்வொன்றும் தனித்து இயங்கலாம். அல்லது கன்ட்ரோலர் என்ற ஒரே கருவி அனைத்தையும் ஆளலாம். மலைத் தோட்டத்தில் நிர்வாகம் மையத்தில் இருக்க வேண்டும், தரவு அந்தந்த இடத்திலேயே ஓட வேண்டும் என்பதே என் வாதம்.

மையத்தின் தேவை ஆலைக்குள் விளங்கும். கொழுந்தை வதக்கும் தொட்டி, உருட்டும் இயந்திரம், உலர்த்தி என எங்கும் உலோகம். அலை அதில் பட்டுத் திரும்புவதால் சில மூலைகளை எட்டாது. அக்சஸ் பாயிண்டுகளை நெருக்கமாக வைக்க நேரும். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்களாக வழக்கமாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. தனித்தியங்கும் கருவி தன் காதுக்கு எட்டியதை வைத்தே தடத்தைத் தேர்கிறது. கன்ட்ரோலரோ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தடத்தையும் அலையின் வலிமையையும் பங்கிடுகிறது. பாதுகாப்புக்கும் இது உதவும். 2017 அக்டோபரில் வைஃபை குறியாக்கத்தில் க்ராக் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, கைபேசிகளோடு பல அக்சஸ் பாயிண்டுகளுக்கும் திருத்தம் தேவைப்பட்டது. அதை மலை மலையாக ஏறி ஒவ்வொன்றிலும் பதிப்பதைவிட ஓரிடத்திலிருந்து அனுப்புவது விரைவு; ஒன்றும் விடுபடாது.

நாலைந்து கருவிகளுக்குக் கன்ட்ரோலர் வீண்செலவு என்பார்கள். ஒற்றைக் கருவி போதுமான தனி அலுவலகத்துக்கு அது உண்மையே. ஆனால் இன்று கன்ட்ரோலரைச் சாதாரணக் கணினியில் மென்பொருளாகவும் ஓட்டலாம். மையம் விழுந்தால் எல்லாம் விழும் என்ற அச்சம் இதைவிட வலுவானது. கனமழையில் மண் சரியும் மலையில் கேபிள் அறுவது நடக்கக்கூடியதே. தரவு முழுவதும் கன்ட்ரோலர் வழியாகச் சென்று திரும்பும் அமைப்பில், கேபிள் அறுந்தால் ஒரே கட்டடத்திலுள்ள தராசும் கணினியும்கூட வைஃபையில் பேசிக்கொள்ள முடியாது. இதற்கு வழி உண்டு: 2009-இல் வெளியான கேப்வாப் நெறிமுறை, தரவை அந்த இடத்திலேயே கடத்தவும் இடம் தருகிறது. கட்டளை மட்டும் மையத்திலிருந்து வரும். மையத்தோடு தொடர்பு அறுந்தாலும் இயங்கும் வசதி அக்சஸ் பாயிண்டில் இருந்தால் ஆலை வேலை நிற்காது.

எனவே தோட்ட நிர்வாகிகள் விலைப்பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். வாங்குமுன் கன்ட்ரோலரின் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் கொழுந்தின் எடை கணக்கில் ஏறினால், அந்த அமைப்பையே வாங்குங்கள்.