டிஸ்க் ஃபுல்: டொயோட்டாவையே நிறுத்திய ஒரு கிளீன்-அப்

இந்த வாரம், ஆன்-கால் எடுக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச எதிரி: டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் ஃபுல்.

டெக்ஸாஸ்ல இருக்கிறவங்க பிளேனோ பக்கம் போனா டொயோட்டாவோட வட அமெரிக்க ஹெட்குவார்ட்டர்ஸைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கம்பெனிக்கு ஜப்பானில் இருக்கிற 14 அசெம்ப்ளி பிளான்ட்டும் 2023 ஆகஸ்ட் 29 அன்னைக்கு நின்னு போச்சு. முந்தைய வருஷம் மார்ச்ல, ஒரு சப்ளையர் மேல நடந்த சைபர் தாக்குதலால் இதே 14 பிளான்ட்டும் ஒரு நாள் நின்னிருந்தது. ஆனா இந்தத் தடவை ஹேக்கர் யாரும் இல்லை.

செப்டம்பர் 6-ல் டொயோட்டா காரணத்தைச் சொன்னது. ஆகஸ்ட் 27 அன்னைக்கு வழக்கமான மெயின்டெனன்ஸ். டேட்டாபேஸில் சேர்ந்துபோன டேட்டாவை அழிச்சு ஒழுங்கு பண்றப்போ டிஸ்க்ல இடம் போதாம எரர். பார்ட்ஸ் ஆர்டர் சிஸ்டம் நின்னுடுச்சு. பேக்கப் சர்வரும் அதே சிஸ்டத்தில் இருந்ததால் அங்கேயும் அதே எரர், மாத்தவும் முடியலை. 29-ஆம் தேதி பெரிய டிஸ்க் உள்ள சர்வருக்கு டேட்டாவை மாத்தினாங்க. 30-ஆம் தேதி வேலை தொடங்கிச்சு.

அழிச்சா இடம் கிடைக்கணும் தானே? போஸ்ட்கிரெஸை எடுத்துக்கோங்க. டெலீட் கொடுத்தா வரிசைகள் உடனே போகாது. 'செத்தது'ன்னு குறி மட்டும் விழும். ஒவ்வொரு டெலீட்டும் வால் லாக்ல எழுதப்படும், அதுக்கும் இடம் வேணும். வேக்யூம் ஃபுல் டேபிளையே புதுசா எழுதும். அந்தக் காப்பிக்கும் இடம் வேணும். ரெப்ளிகாவுக்கும் அதே லாக்தான் போகும். அங்கேயும் அதே சைஸ் டிஸ்க்னா, ரெண்டும் சேர்ந்தே நிரம்பும்.

அப்போ என்ன செய்யலாம்?

• முதலில் டிஎஃப், டியூ ரெண்டையும் ஓட்டுங்க. கணக்கு ஒத்துப்போகலைன்னா, அழிச்ச ஃபைலை ஏதோ ஒரு பிராசஸ் இன்னும் திறந்து வெச்சிருக்கலாம். எல்எஸ்ஓஎஃப் காட்டிக்கொடுக்கும்.

• பிஜி_வால் ஃபோல்டர் பெருத்திருந்தா, கையால அழிக்காதீங்க. டேட்டாபேஸ் திரும்ப எழாமலே போகலாம். யாரும் பயன்படுத்தாத ரெப்ளிகேஷன் ஸ்லாட் இருக்கா, ஆர்கைவ் ஃபெயில் ஆகுதான்னு பாருங்க.

• முதலில் வால்யூமைப் பெருசாக்குங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அழிங்க. பழைய டேட்டா மாசவாரியா பார்ட்டிஷன்ல இருந்தா இன்னும் சுலபம். டிராப் பண்ணா இடம் உடனே திரும்பக் கிடைக்கும்.

வீட்டைச் சுத்தம் பண்ணவும் சாமானை எடுத்து வைக்க ஒரு மூலை காலியா வேணும். அலெர்ட்டை 95 சதவீதத்தில் வைக்காம, அந்த மூலை மிச்சம் இருக்கும்போதே அடிக்கிற மாதிரி வைங்க.

உங்க சர்வர்ல அலெர்ட் எத்தனை சதவீதத்தில் அடிக்குது? ரிப்ளை பண்ணுங்க!