பட்டறைக் கைக்கு லேசர் ஒளி

நாமக்கல் லாரி பாடி பட்டறைகளில் நாள் முழுக்கச் சுத்தியல் ஓயாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசு வேலை செய்பவர்கள் மணிக்கணக்கில் குறடு பிடிக்கிறார்கள். சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவும் பெண்களின் மணிக்கட்டுக்கும் ஓய்வு கிடையாது. 'டென்னிஸ் எல்போ' என்னும் முழங்கை வலி வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைக் கைகளில்தான். டென்னிஸ் ஆடுபவர்கள் அதில் சிறு பங்கினரே.

2005-ல் சச்சின் டெண்டுல்கர் லண்டனில் முழங்கைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது இந்தப் பெயர் நம் ஊர் டீக்கடை வரை வந்தது. நோய் என்னவோ பழையது. 1873-லேயே ஜெர்மானிய மருத்துவர் ருங்கே இதைப் பதிவு செய்துவிட்டார்.

வலி தொடங்கும் இடம் முழங்கையின் வெளிப்புறம் துருத்தும் எலும்பு. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் தசைநாண் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. ஒரே அசைவு ஆயிரம் முறை திரும்பும்போது அந்த நாண் நைந்துபோகிறது. ஈரத்துணி பிழிய முடியாது, குடத்தைத் தூக்க முடியாது. டீ டம்ளரை எடுக்கும்போதுகூடச் சுரீரென்று இழுக்கும்.

இந்த வலிக்கு லேசர் சிகிச்சை என்றதும் கத்திபோல அறுக்குமோ என்று பலர் பயப்படுகிறார்கள். இங்கே பயன்படுவது குறைந்த திறன் லேசர். தோலை அறுக்காது, சுடாது. சிகிச்சை தருபவரும் பெறுபவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் விரலால் அழுத்தி, வலி உச்சமாக இருக்கும் புள்ளியைத் தேடி, கருவியின் முனையை அதன்மேல் வைக்கிறார். ஒரு புள்ளிக்குச் சில நிமிடங்கள்கூட ஆகாது. ஒளி செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உறிஞ்சப்பட்டு அழற்சியைத் தணிக்கிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் 1960-களில் எலிகள்மேல் செய்த சோதனைகளிலிருந்து கிளைத்த துறை இது.

பலன் உண்டா? எல்லா லேசருக்கும் இல்லை. நார்வே ஆய்வாளர் பியோர்டால் குழுவினர் 2008-ல் 13 சோதனைகளை, 730 நோயாளிகளின் விவரங்களோடு அலசினார்கள். 904 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தசைநாண் ஒட்டும் இடத்திலேயே நேரடியாகப் பாய்ச்சியபோது வலி குறைந்தது, பிடிமானமும் கூடியது. 820, 830, 1064 நானோமீட்டர் லேசர்கள் பலன் தரவில்லை. கிடைத்த நிவாரணமும் குறுகிய காலத்துக்கு உரியதே. ஆகவே பணம் கட்டுமுன், "மிஷின் எத்தனை நானோமீட்டர்?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

அன்றாடக் கூலிக்காரர்கள் ஸ்டீராய்டு ஊசிக்கு ஓடுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மறுநாளே வேலைக்குப் போகவேண்டுமே! ஆனால் ஊசி போட்டவர்கள் ஆறு வாரத்தில் நன்றாக இருந்து, ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிடப் பின்தங்கியதை 2006-லேயே ஆஸ்திரேலிய ஆய்வு காட்டிவிட்டது.

லேசர் வாங்கித் தரும் வலியில்லாத நாள்களில் செய்யவேண்டியது உடற்பயிற்சி. முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை தரையைப் பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுகையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, வலிக்கும் கையால் மெதுவாக இறக்க வேண்டும். இந்தப் பயிற்சியைக் கற்கத் தனியார் மையத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பட்டறை முதலாளிகளும் ஒன்று செய்யலாம்: சுத்தியல், குறடுகளின் கைப்பிடிக்கு ரப்பர் உறை மாட்டித் தந்து, ஒரே ஆளை ஒரே வேலையில் நாள் முழுக்க நிறுத்தாமல் மாற்றிவிடலாம்.