பழைய காரும் பிரேக் எண்ணெயும்

பழைய கார் வாங்கியுள்ள மும்பைவாழ் குடும்பத்தினர், புணேயிலிருந்து திரும்புகையில் கண்டாலா மலைச்சரிவில் இறங்கக்கூடும். அங்கே அடிக்கடி மிதிப்பதால் பிரேக் சூடேறும். பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 வகை, புதிதாயின் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறியபின் 140 டிகிரியளவிலேயே கொதிக்கக்கூடும். அப்போது எழும் ஆவி அமுங்குவதால், மிதி முழுவதும் இறங்கியும் வண்டி நில்லாது.

ஆகவே, கலத்திலுள்ள எண்ணெய் மட்டத்தை மாதமொருமுறை நீங்களே நோக்குங்கள். குறைந்திருந்தால் கசிவோ பட்டைத் தேய்வோ இருக்கலாம், உடனே சோதியுங்கள். என்ஜின் எண்ணெயை ஊற்றாதீர்கள். ரப்பர் உறுப்புகள் கெடும். கையேடு கூறும் வகையையே, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். இரண்டாண்டுக்கொருமுறை முழுவதையும் மாற்றுவித்தல் நலம். இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே செல்லுங்கள்.