பொட்டிபுரம் மலை பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

போடி:

"கையில இருக்குற வேலையை விட்டுட்டுப் பறக்குறதைப் புடிக்கப் போறியா?"

பேட்டிக்குத் தயாராகிறேன் என்று வேலையில் இருப்பவர் வாயைத் திறந்தால் வீட்டில் இந்தக் கேள்விதான்.

வேலையை யார் விடச் சொன்னது? சம்பளம் வரும்போதே பழக வேண்டும். வேலை போன பிறகு பேட்டிக்குப் போனால் நாக்கு உலர்ந்துவிடும்!

மத்திய அரசின் குரூப்-சி வேலைகளுக்கு 1-1-2016 முதல் பேட்டி கிடையாது. ஆனால் ஐ.ஏ.எஸ். தேர்வில் 2,025 மார்க்கில் 275 பேட்டிக்கு. தமிழிலேயே பதில் சொல்லலாம்.

சொந்த ஊர்

சொந்த ஊரைத்தான் முதலில் தோண்டுவார்கள். போடிக்காரர் என்றால் ஏலக்காய் ஏலம் வரும். அடுத்து பொட்டிபுரம்!

அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட 2015-ல் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. 50 ஆயிரம் டன் இரும்புக் கருவி எதற்கு? ஜனங்கள் ஏன் எதிர்த்தார்கள்? இரண்டையும் ஆத்திரப்படாமல் 2 நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும்.

கடை அடைத்த பிறகு வாரம் ஒரு நாள், 2 நண்பர்கள் போதும். ஒருவர் கேட்கட்டும், இன்னொருவர் குறுக்கே மடக்கட்டும்.

அரசு ஊழியரா? விண்ணப்பித்ததை ஆபீஸ் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அனுமதி இல்லை என்று அங்கிருந்து தேர்வாணையத்துக்குக் கடிதம் போனால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம்!